கேள்வி–பதில்: சேற்றில் ஐம்பது கிலோமீட்டர்

சென்ற இதழில் மழையில் ஓடும் டிரெயில் அல்ட்ரா பற்றி, அதாவது காட்டு, மலைப் பாதையில் மாரத்தானைவிட நீண்ட ஓட்டம் பற்றி, போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்து விழுந்த கேள்விகளைப் பார்த்தால், பாதிப் பேர் முதலில் பெயரைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பயப்பட ஆரம்பித்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இதில் விழுந்தேன். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை, முழுக்கச் சேறுதான்.

கேள்வி: மூன்று மாரத்தான் முடித்திருக்கிறேன், கடைசியாக 4 மணி 10 நிமிடம். இப்போது 50 கி.மீ. டிரெயில் ஓட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். மாரத்தானைவிட எட்டு கி.மீ.கூட அதிகமில்லை. ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்தானே, சார்?

கழித்தல் சரி, 42.195 போனால் 7.8 கி.மீ.தான் பாக்கி. ஆனால் அது தார்ச்சாலைக் கணக்கு. சேற்றில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு வேலை. ஊன்றும்போது கால் பின்னால் வழுக்குகிறது, எடுக்கும்போது சேறு விடமாட்டேன் என்று பிடித்து இழுக்கிறது, போதாததற்கு ஷூவுக்கு அடியில் களிமண் அப்பி அப்பி ஆளுக்கு ஒரு செங்கல்லைக் காலில் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இருபது கி.மீ. தாண்டும்போது மூச்சு நன்றாகத்தான் இருக்கும். தொடையின் உள்பக்கமும் இடுப்பு மடிப்பும்தான் கெஞ்சும். சாலையில் ஓடியவர்களுக்கு அங்கே அப்படி ஒரு தசை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 170 கி.மீ., ஏற்றம் மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர், கெடு 46½ மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நாலு கி.மீ.கூட வராது, சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிற வேகம். அந்த வேகத்தையே கடைசிவரை வைத்திருக்க முடியாமல் எத்தனையோ தேர்ந்த ஓட்டக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் பாதியில் நிற்கிறார்கள். 2003-இல் அது முதன்முதலாக நடந்தபோது மழையும் குளிருமாக இருந்தது. எழுநூறு பேருக்கு மேல் கிளம்பி, முழுச் சுற்றையும் முடித்தவர்கள் 67 பேர்.

ஐந்தரை மணி நேரத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் ஓடப்போகும் பாதையில் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், கட்-ஆஃப் (அதற்குள் வராவிட்டால் நிறுத்திவிடும் கெடு) எங்கெங்கே எத்தனை மணிக்கு, மழை பெய்த வருடத்தில் கூட்டத்துக்கு நடுவில் வந்தவர் எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதைத் தேடிப் பாருங்கள். அந்த நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டு, கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையை மறைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றத்தில் நடங்கள். முன்னால் போகிறவர்களே செங்குத்தான இடங்களில் தொடையில் கையை ஊன்றி நடக்கிறார்கள், நமக்கென்ன கௌரவம்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கலாமா? அடியில் முள் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்?

வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் ஷூ பனிப்புல்லில் நடக்க நல்லது. கணுக்கால்வரை முங்கும் சேற்றில் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வந்துவிடும், வந்தது வெளியே போகாது. பிறகு இரண்டு சின்ன வாளிகளை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். வலைத்துணி மேல்பாகம் உள்ள சாதாரண டிரெயில் ஷூ போதும். ஓடையைத் தாண்டி நாலு அடி வைப்பதற்குள் முக்கால்வாசித் தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிடும்.

முள்ளைப் பொறுத்தவரை, சாதாரண டிரெயில் ஷூக்கள் பலவற்றில் இருப்பது நாலு மில்லிமீட்டர் அளவு. உண்மையான சேற்றுக்கு ஆறு முதல் எட்டு வரை தேவைப்படும். உயரத்தைவிட முக்கியம் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நெருக்கமாக இருந்தால் களிமண் உள்ளே அடைத்துக்கொண்டு அடிப்பாகம் வழவழவென்று தட்டையாகிவிடும், எட்டு மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீண்ட முள் ஈரப் பாறையிலும் மரப் பலகையிலும் உதவாது. அங்கே ரப்பரின் தரம்தான் பேசும், கெட்டியான முள் உள்ள ஷூவில் சறுக்கல் இன்னும் மோசமாக இருக்கும். பாதையில் பாறை அதிகமா, மண் அதிகமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கியதை நாலைந்து முறை நனைத்து ஓடிப் பார்க்காமல் அன்றைக்குப் போடாதீர்கள்.

லேஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் என் சோகமே அதில்தான். எனது இரண்டாவது அல்ட்ராவில் முப்பத்துச் சொச்சம் கி.மீ.யில் ஒரு தாழ்வான இடம், நூறு பேர் மிதித்துக் குழைத்துவைத்த சேறு. பொதக்கென்று உள்ளே போன இடது கால், வெளியே வரும்போது வெறும் சாக்ஸோடு வந்தது. குழி அதற்குள் மூடிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்றபடி முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவுகிறேன், விரலில் வேர் அகப்படுகிறது, கல் அகப்படுகிறது, யாரோ தொலைத்த மாவுச்சத்து ஜெல் பாக்கெட் அகப்படுகிறது, ஷூ மட்டும் இல்லை. பின்னால் வந்த ஒருவர் நிற்காமலேயே "குதிகால் பக்கம் தேடுங்க!" என்று கத்திவிட்டுப் போனார். அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து மேலே கடைசியாக உள்ள கூடுதல் ஓட்டையிலும் லேஸைக் கோத்து, கணுக்காலோடு இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன் லேஸை நனைத்து முடிச்சுப் போட்டால் பாதி வழியில் தளர்வது குறையும்.

கேள்வி: எட்டு மணி நேரம் ஈரத்தில் ஊறிய கால் என்ன ஆகும்? எனக்குக் கொப்புளம் சீக்கிரம் வரும்.

இந்த மடலில் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. அல்ட்ராவில் நிறையப் பேரைத் தோற்கடிப்பது பாதம், நெஞ்சும் தொடையும் மட்டும் இல்லை.

நீண்ட நேரம் ஊறிய உள்ளங்கால் தோல் வெளுத்து, உப்பி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். துணி துவைத்தபின் விரல் நுனி எப்படி இருக்கும், அதுவே உள்ளங்கால் முழுக்க. அந்த மடிப்புகள் எடையில் அழுந்தும்போது, வெளியே காயம் ஒன்றும் தெரியாமலே, கூழாங்கல் மேல் வெறுங்காலோடு நடப்பது மாதிரி வலிக்கும். ஊறிய தோல் சீக்கிரம் உரியவும் செய்யும். சாக்ஸுக்குள் புகுந்த மணல் உப்புத்தாள் வேலையைச் செய்யும். இந்த மூன்றும் சேர்ந்துதான் உங்கள் கொப்புளம்.

ஈரத்தைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். காலையில் கிளம்புமுன் உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாவற்றிலும் வாஸ்லினோ துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்போ கனமாகப் பூசுங்கள். குழந்தைகளுக்கு நாப்கின் புண்ணுக்குப் பூசுவார்களே, அதே களிம்புதான். கணுக்காலைச் சுற்றி கெய்ட்டர் என்ற துணி உறை போட்டால் கல், மணல் குறையும். நகத்தை இரண்டு மூன்று நாளுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். பருத்தி சாக்ஸ் கூடவே கூடாது.

சாக்ஸ் மாற்றுவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எய்ட் ஸ்டேஷனில், அதாவது வழியில் சாப்பாடும் உதவியும் கிடைக்கிற இடத்தில், முன்பே கொடுத்தனுப்பிய டிராப் பேக்கைப் பார்த்ததும் ஆசை வரும், உலர்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு சொகுசாகக் கிளம்பி, இருநூறு மீட்டரில் ஓடையில் இறங்குவார்கள். அடுத்து என்ன வருகிறது என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். உலர்ந்த ஏற்றம் ஒரு மணி நேரமாவது இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் இருக்கிற சாக்ஸைக் கழற்றி, மணலை அலசி, பிழிந்து போட்டுக்கொண்டாலே பெரிய வித்தியாசம். சாப்பிடுகிற பத்து நிமிடம் கால் வெறுமையாகக் காற்றில் இருக்கட்டும். கொப்புளம் விம்மிப்போய் இன்னும் பல மணி நேரம் பாக்கி என்றால், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் எடுத்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் டேப் ஒட்டுங்கள். கால் உலர்ந்தால்தான் டேப் ஒட்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: விழாமல் ஓட வழி உண்டா?

கிடையாது. யானைக்கும் அடி சறுக்கும், நாம் எம்மாத்திரம். குறைவாக விழ வழி உண்டு. அடியைச் சின்னதாக, வேகமாக வையுங்கள். இறக்கத்தில் பயந்து பின்பக்கம் சாய்ந்தால் குதிகால்தான் முதலில் இறங்கும், குதிகால் இறங்கினால் உட்கார்ந்துவிடுவீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்திருங்கள். குட்டை வந்தால் ஓரமாக நெளிந்து போகாதீர்கள், நடுவிலேயே போங்கள். ஓரச்சரிவுதான் அதிகம் வழுக்கும், ஆளாளுக்கு ஓரத்தை மிதித்தால் பாதையும் வருடா வருடம் அகலமாகிப் பாழாகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், கையில் ட்ரெக்கிங் கம்பு இருந்தால் அதை விட்டுப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்தில் மலையும் இல்லை, சேறும் இல்லை. எப்படிப் பயிற்சி செய்வது, அண்ணா?

மாடிப்படி இருக்கிறதா தம்பி? ஏறுவதை எல்லோரும் செய்கிறார்கள், இறங்குவதைப் பயிற்சி செய். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால்தான் மறுநாள் நாற்காலியில் உட்காரக்கூட முடியாமல் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழக்கினால் தசை அதற்கு ஏற்றபடி தயாராகிவிடும். சேற்றுக்குப் பதில் மணல், மழையில் நனைந்த புல்தரை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில், சிரிக்காதே, கணுக்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கிலோமீட்டரை எண்ணாமல் எத்தனை மணி நேரம் காலில் நின்றாய் என்று எண்ணு. மழை பெய்தால் வெளியே போ, இடி மின்னல் இருந்தால் மட்டும் வீட்டில் இரு.

கேள்வி: குழந்தைக்குப் பத்து மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். அல்ட்ரா பற்றி யோசித்தாலே வீட்டில் முறைக்கிறார்கள். இது பைத்தியக்காரத்தனமா?

ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெயரை வீட்டில் சொல்லுங்கள். இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை பென்னைன் வே என்று ஒரு மலைப்பாதை, 268 மைல், பல இடங்களில் சொதசொதவென்ற சதுப்பு நிலம். அதில் ஜனவரி குளிரில் நடக்கும் ஸ்பைன் ரேஸை 2019-இல் அவர் 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண், பெண் எல்லோரிலும் முதலிடம், முந்தைய சாதனையைவிட 12 மணி நேரம் குறைவு. அப்போது அவருடைய மகளுக்கு 14 மாதம். வழியில் செக்பாயின்ட்களில் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டுத்தான் ஓடினார். 2024-இல் அமெரிக்காவின் பார்க்லி மாரத்தானை (பெயர்தான் மாரத்தான், உண்மையில் சுமார் நூறு மைல் காட்டு ஓட்டம்) முடித்த முதல் பெண்ணும் அவரே, 60 மணி நேரக் கெடுவில் 99 நொடி மிச்சம்.

சரி, அவர் அவர், நாம் நாம். முதலில் இடுப்புத்தளத் தசை தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது, அடிவயிறு கனக்கிறது என்றால் தூரத்தைக் கூட்டும் நேரமில்லை அது. நீண்ட ஓட்டத்தில் பால் கட்டிக்கொண்டால் காய்ச்சல்வரை போகும், அதனால் எங்கே நின்று பால் எடுப்பது என்பதையும் சாப்பாட்டைப் போலவே முன்கூட்டித் திட்டமிடுங்கள். நனைந்த ஸ்போர்ட்ஸ் பிரா உரசுகிற இடமெல்லாம் வாஸ்லின் போட மறக்காதீர்கள். தூக்கம்தான் பெரிய பிரச்சினை, இரவில் மூன்று முறை எழுந்திருக்கிற மாதத்தில் 100 கி.மீ. வேண்டாம், 50 போதும். வீட்டில் முறைப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: மழையில் ஓடினால் தாகமே எடுப்பதில்லை. கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டுமா?

வேண்டாம். குளிர்ந்த, ஈரமான நாளில் வியர்வை குறைவு. அட்டவணை போட்டு மடக் மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படி ஆகியிருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். மோதிரம் இறுகுவது, கடிகாரப் பட்டை அழுந்துவது, குமட்டல், தலைவலி, பேச்சில் குழப்பம், இவையெல்லாம் அடையாளம். உப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு மேலும் மேலும் தண்ணீர் குடிப்பது இதற்குத் தீர்வாகாது. தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான்.

சாப்பாட்டை மட்டும் தாகத்தைப் போல விட்டுவிடாதீர்கள், பசி எடுக்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வரை இலக்கு வையுங்கள், வயிறு பழகினால் கூட்டலாம். சேற்றில் இன்னொரு சங்கடம் உண்டு: கை முழுக்கச் சகதி, வழுக்குகிற பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பீர்கள், ஜெல்லோடு சேறும் உள்ளே போகும். நான் வீட்டிலேயே நுனியைப் பாதி வெட்டி ஒரு சின்ன ஜிப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

அது வெறும் அருவருப்பு விஷயம் இல்லை. 2000-இல் போர்னியோவின் சபாவில் ஈகோ-சேலஞ்ச் சாகசப் போட்டி முடிந்து ஊர் திரும்பியவர்கள் பலருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வந்தது. ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயம் வழியாகவும் வாய் வழியாகவும் இந்தக் கிருமியைக் கொண்டுவரும். ஓட்டம் முடிந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் "சேற்றில் ஓடினேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: முழங்கால் வலிக்கு முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே சிதைந்த தசைக் கழிவோடு அது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நாள் அது. சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது, மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சென்ற முறை 58 கி.மீ.யில் நின்றுவிட்டேன். டிஎன்எஃப் (ஓட்டத்தை முடிக்கவில்லை) என்று பெயருக்கு நேரே போட்டிருப்பதைப் பார்த்தாலே அவமானமாக இருக்கிறது. எப்போது நிற்க வேண்டும், எப்போது தாங்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெறும் களைப்பு, வெறுப்பு, "எனக்கு எதற்கு இந்த வேலை" என்ற அழுகை, இதற்கெல்லாம் நிற்காதீர்கள். உட்கார்ந்து சூடாக ஒரு கப் சூப்பும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் சாப்பிட்டு இருபது நிமிடம் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அது பசிதான். இரவு இரண்டு மணிக்கு மரக்கட்டை நாயாகத் தெரிந்தால்கூட அது தூக்கம்தான், பயப்பட வேண்டாம்.

குளிர் அப்படி இல்லை. எனக்கு 61 கி.மீ.யில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மணி நேர மழை, வழுக்கலில் ஓட முடியாமல் நடை, நடந்ததால் உடம்பில் சூடே பிறக்கவில்லை. செக்பாயின்டில் ஒரு தன்னார்வலர், என்னைவிட வயதில் சின்னப் பெண், "சார், ஜாக்கெட் ஜிப்பைப் போடுங்க" என்றார். போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜிப்பைப் பிடிக்கிறேன், விரல் பிடிக்கிறது, இழுக்கத் தெரியவில்லை. "உங்க நம்பர் என்ன?" என்றார். நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் குனிந்து பார்த்துத்தான் சொன்னேன், அதையும் தப்பாக. அவர் பேசாமல் என் எண் அட்டையைக் கழற்றிவிட்டார். அப்போது கோபம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த நடுக்கம் செக்பாயின்டில் நின்றுபோயிருந்தது என்பது ஞாபகம் வந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடேறாமலே நடுக்கம் நிற்பது நல்ல செய்தி இல்லை.

தடுமாற்றம், நாக்குக் குழறல், விரல் வேலை செய்யாமை, காரணமில்லாத எரிச்சல், இதில் இரண்டு சேர்ந்து வந்தால் நில்லுங்கள், அடுத்தவரிடம் பார்த்தால் அவரை நிறுத்துங்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் திடீர் மழையும் புயல்காற்றும் வந்து 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். தேர்ந்த ஓட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள். மெல்லிய உடையில் மலையுச்சியில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் இருந்த ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுபோய்த் தீ மூட்டிக் காப்பாற்றினார். மழை ஜாக்கெட், ஃபாயில் போர்வை, உலர்ந்த மேல்சட்டை ஒன்றைத் தண்ணீர் புகாத பையில் எடுத்துப் போவது, இதையெல்லாம் கட்டாயப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். குளிர ஆரம்பித்தபின் ஜாக்கெட்டைப் போடாதீர்கள், குளிரப்போகிறது என்று தோன்றும்போதே போடுங்கள், விரல் வேலை செய்கிற வரைதான் அதற்கு நேரம்.

58 கி.மீ. கேவலமா? நான் 61-இல் நிறுத்தப்பட்டேன், நீங்கள் நீங்களாக நின்றீர்கள். யார் புத்திசாலி என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஷூவை எப்படிக் கழுவுவது? அம்மா வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்.

அம்மா சொல்வது நியாயம். அன்றைக்கே கழுவிவிடுங்கள். காய்ந்த களிமண் வலைத்துணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அடுத்த ஓட்டத்தில் காலை அரைக்கும். உள் அட்டையையும் லேஸையும் உருவிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் முள்ளிடுக்கைத் தேயுங்கள், துவைக்கும் இயந்திரமும் வெந்நீரும் வேண்டாம், ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். காய்ந்தபின் விரல்முனைப் பகுதிக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், எப்படியும் ஒரு சின்னக் கல் கிடக்கும். சென்ற முறை எனக்குக் கிடைத்தது கல் இல்லை, எப்போதோ விழுந்த என் கட்டைவிரல் நகம்.